குறையாத நூற்றிருபது

பதினான்கு வாரமாக ஒரு சாவுகூட விழவில்லையே என்று மெஹ்ஜபின் கிடந்து தவித்தாள். வெளியே சொன்னால் காறித் துப்புவார்கள். சாக வேண்டும் என்று அவள் எதிர்பார்த்தது கோழிகளைத்தான் என்றாலும், காதில் விழுகிறவர்களுக்கு அது நல்ல பேச்சாகப் படாது. அதனால் உடுமலையிலிருந்து கொமரலிங்கம் போகும் டவுன் பஸ்ஸில் குளிர்பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு வாயை மூடி உட்கார்ந்திருந்தாள். கால் மட்டும் சொன்ன பேச்சைக் கேட்காமல் ஆடிக்கொண்டே இருந்தது. பக்கத்து இருக்கைக்காரம்மா இரண்டு முறை அந்தக் காலைப் பார்த்துவிட்டுத் தன் காலை ஒதுக்கிக்கொண்டார்.

காலையில் வீரபாண்டியில் கிளம்பும்போது அம்மா அஜீஸுன்னிசா கதவுவரை வந்தாள். "இன்னிக்கோட முடியுதுன்னு சொன்னியே. எல்லாம் நல்லபடியா முடியோணும்னு துஆ கேட்டிருக்கேன் கண்ணு" என்றாள். எது நல்லபடி என்று பெற்றவளிடம் எப்படிச் சொல்வது? பத்துப் பதினைந்து கோழிக்கு ஈரல் வெடிக்க வேண்டும், அதுவும் நீல வளையம் போட்ட கோழியாகப் பார்த்து வெடிக்க வேண்டும் என்றா துஆ கேட்கச் சொல்வது? "சரிம்மா" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள்.

மெஹ்ஜபினுக்கு இருபத்தெட்டு வயது. கால்நடை மருத்துவம் படித்துவிட்டு மேல் ஆராய்ச்சியில் இருந்தாள். அத்தா கைருதீன் பனியன் கட்டிங் வேஸ்ட் வாங்கி விற்கிறவர். மகள் கோழி ஈரலில் என்னதான் தேடுகிறாள் என்று அவருக்கு இன்றுவரை விளங்கவில்லை. விளங்கியது ஒரே ஒருவருக்குத்தான், அதுவும் ஒரே நிமிடத்தில். அவர்தான் கொமரலிங்கத்துச் சுப்பண்ணன்.

சுப்பண்ணன் இருபது வருஷம் வீரபாண்டியில் தையல் மெஷின்கள் போட்டு, பெரிய கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுத்தவர். அதற்கப்புறம் ஊருக்கே திரும்பி, தோட்டத்தில் நாலாயிரம் முட்டைக் கோழி போட்டுவிட்டார். மாசி மாதம் முதல் தடவை வந்தபோது மெஹ்ஜபின் அவருக்கு விஷயத்தை இப்படித்தான் சொன்னாள்.

"ஈரல் ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனின்னு வெச்சுக்கங்கய்யா. மஞ்சக்கருவுக்கு வேணுங்கற கொழுப்பு அங்கதான் தயாராகுது. தயாரானதப் பேக் பண்ணி, ரத்தத்துல ஏத்தி அனுப்போணும். அனுப்பறது மந்தமாச்சுன்னா சரக்கு குடோன்லயே தேங்கும். தேங்கித் தேங்கி ஒரு நாள் செவுரு வெடிச்சுரும்."

"கண்டெய்னர் வல்லீன்னா நடக்கறதுதானுங்களே" என்றார் சுப்பண்ணன்.

அந்த நோய் அவருக்குப் புதிதில்லை. நன்றாகத் தின்று, நாள் தவறாமல் முட்டையிட்டு, பார்க்கவே லட்சணமாக இருக்கும் கோழிதான் அதில் போகும். நோஞ்சானைத் தொடாது, அந்த அநியாயம்தான் மெஹ்ஜபினுக்கு ஆத்திரம். காலையில் முட்டை வைத்த கோழி, வெயில் ஏறியதும் கொண்டை வெளுத்துச் சாய்ந்துவிடும். அறுத்துப் பார்த்தால் ஈரல் மஞ்சளாய்க் கொழகொழவென்று கிழிந்து, வயிற்றுக்குள் ரத்தம் கட்டி நிற்கும். ஒவ்வொரு கோடையிலும் சின்னப் பண்ணைக்காரர்கள் இருக்கிறதிலேயே நல்ல கோழியாகப் பார்த்து இழந்துகொண்டிருந்தார்கள்.

ஈரலில் கொழுப்பைக் கட்டி அனுப்பும் வேலையைச் செய்யும் மரபணு ஒன்று எல்லாக் கோழிக்கும் உண்டு. அது எவ்வளவு வேகமாக வேலை செய்ய வேண்டும் என்று உத்தரவு போடும் ஒரு டி.என்.ஏ. துண்டு அதன் பக்கத்திலேயே இருக்கிறது. அந்தத் துண்டு சில கோழிகளில் ஒரு மாதிரி, சிலவற்றில் வேறு மாதிரி. ஒன்று சுறுசுறுப்பாக உத்தரவு போடும், இன்னொன்று சோம்பேறி. இதுதான் மெஹ்ஜபினின் சந்தேகம். மூன்று வருஷமாக எழுநூறு கோழிகளின் ரத்தத்தைச் சோதித்து, சுறுசுறுப்புக்காரிகள் அறுபது, சோம்பேறிகள் அறுபது என்று பொறுக்கினாள். முன்னதற்குக் காலில் மஞ்சள் பிளாஸ்டிக் வளையம், பின்னதற்கு நீலம். இரண்டிலும் ஒன்று முதல் அறுபது வரை நம்பர். சுப்பண்ணன் தோட்டத்தில் ஒரே ஷெட், ஊரில் எல்லோரும் போடுகிற அதே மக்காச்சோளத் தீனி, ஒரே வெயில். நீலம் அதிகம் செத்தால் அவள் நினைத்தது சரி. அப்புறம் குஞ்சிலேயே பார்த்து நல்லதைப் பொறுக்கிவிடலாம். நாலாயிரம் கோழி வைத்திருக்கிற மனிதன் கத்திரி வெயிலில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார வேண்டியதில்லை.

"செத்தா அந்த நிமிசமே எனக்குப் போன் பண்ணீருங்க. கோழிய இந்த ஃப்ரீசர்ல போட்டுருங்க" என்று சொல்லி, கல்லூரியிலிருந்து கொண்டுவந்த ஃப்ரீசர் பெட்டியை ஷெட்டு மூலையில் வைத்தாள். கூடவே கல்லூரிப் படிவத்திலும் கையெழுத்து வாங்கினாள். 'நல்ல நிலையில் பெற்றுக்கொண்டது: 120. திருப்பி ஒப்படைத்தது: ____. குறைவு: ____.' சுப்பண்ணன் கண்ணாடி போட்டு மூன்று வரியையும் படித்தார். அப்புறம் நிமிர்ந்து உட்கார்ந்து கையெழுத்துப் போட்டார்.

அன்றைக்கே ஒரு கதையும் சொன்னார். மெஹ்ஜபின் மரியாதைக்குக் கேட்டுக்கொண்டாளே தவிர, மனதில் வாங்கவில்லை. "இருவது வருசத்துல ஒரு டெலிவரி ஷார்ட்டேஜ்ல போனதில்லீங்க கண்ணு. ஆயிரம் பீஸ் வெட்டிக் குடுத்தாங்கன்னா ஆயிரம் பீஸ் தைச்சுப் போகோணும். ஊசி வாங்கி ஒண்ணு ஓட்டையாயிருச்சா? அதே துணி, அதே கலரு தேடிப் புடிச்சு, நம்ம செலவுல தைச்சு உள்ள வெச்சுருவனுங்க. கம்பெனிக்காரனுக்கு எண்ணிக்கை குறையப்படாது. அதுதானுங்க நம்ம பேரு."

"நல்லதுங்கய்யா" என்று சொல்லிவிட்டு அவள் தராசைத் துடைக்கப் போய்விட்டாள்.

அதற்கப்புறம் சனிக்கிழமைதோறும் வந்தாள். வாசலில் நுழையும்போதே சுப்பண்ணன் எதிரே வருவார். "ஒண்ணும் குறையிலீங்க கண்ணு. நூத்திருவதும் இருக்குது." அவர் முகத்தில் அப்படி ஒரு பெருமை. அவளும் சிரிப்பாள், என்ன செய்வது? ஃப்ரீசரைத் திறந்தால், சும்மா கிடக்கிறதே என்று அவர் மனைவி மயிலாத்தாள் அதில் நுங்கு வைத்திருப்பார். மார்ச்சில் நுங்கு, ஏப்ரலில் மோர் பாக்கெட், மே முதல் வாரம் மறுபடியும் நுங்கு. "வெயில்ல வந்திருக்கீங்க, குடிங்க கண்ணு" என்று பிணம் வைக்க வந்த பெட்டியிலிருந்து எடுத்துக் கொடுப்பார். மெஹ்ஜபின் நின்றுகொண்டே குடிப்பாள்.

உட்கார முடிந்தால்தானே? சம்பளம் மாதிரி வரும் ஆராய்ச்சி உதவித்தொகை இந்த மாதத்தோடு நின்றுவிடும். இன்னொரு கோடைக்குக் காத்திருக்க வழியில்லை. நடுவில் எடை போட்டபோது சில கோழிகளின் எடை தாறுமாறாக ஏறி இறங்கியிருந்தது. தராசைத் திட்டி வேறு தராசு கொண்டுவந்தாள். வழிகாட்டிப் பேராசிரியர் அருள்செல்வன் பொறுத்துப் பொறுத்துப் பார்த்துவிட்டுப் போன வாரம் சொல்லிவிட்டார்: "ரெண்டுக்கும் வித்தியாசம் இல்லைன்னு எழுதி முடிச்சிடும்மா. அதுவும் ஒரு ரிசல்ட்தான்." அதுவும் ஒரு ரிசல்ட்தான் என்பது ஆறுதல் பேச்சு என்று அவளுக்குத் தெரியாதா?

ஆக, இதுதான் கடைசிச் சனிக்கிழமை. எல்லாக் கோழிக்கும் ரத்தம் எடுக்க வேண்டும். மஞ்சளில் ஆறு, நீலத்தில் ஆறு அறுத்து ஈரல் எடுக்க வேண்டும். அப்புறம் கடையைக் கட்ட வேண்டும்.

சுப்பண்ணன் சலவை வேட்டி கட்டி, நெற்றி நிறையத் திருநீறு பூசி நின்றார். ஷெட்டு முன்னால் மேஜை போட்டு, அதன் மேல் விரிப்புக்கூட விரித்திருந்தார். விரிப்பின் மேல் அந்தப் படிவம், பறக்காமல் இருக்க ஒரு கல். "எண்ணிப் பார்த்துக்கங்க கண்ணு. நூத்திருவது. அப்பறம் நீங்களே உங்க கையால 'குறைவு இல்லை'ன்னு எழுதிக் குடுத்துருங்க. மாட்டி வெச்சுக்கறனுங்க" என்றார். மயிலாத்தாள் உள்ளே பாயசத்துக்கு முந்திரி வறுத்துக்கொண்டிருந்தார்.

மெஹ்ஜபின் படிவத்தைத் தொடவில்லை. கையுறை மாட்டிக்கொண்டு நேராகக் கூண்டு வரிசைக்குப் போனாள். பட்டியலில் முதல் பெயர் நீலம் இருபத்திமூன்று.

அந்தக் கோழியை அவளுக்கு நன்றாகத் தெரியும். முதல் நாள் வளையம் மாட்டும்போது அதன் வலது காலில் நடுவிரல் கோணிக்கொண்டு நின்றது. அந்தக் கோணல் நகம் அவள் மணிக்கட்டைக் கீறியதில் இரண்டு நாள் எரிச்சல். சாவதென்றால் முதலில் இதுதான் சாகும் என்று அப்போதே எரிச்சலோடு எண்ணிக்கொண்டவள் அவள். இப்போது கூண்டைத் திறந்து, காலைப் பிடித்துத் தூக்கினாள். வளையத்தில் 23. நடுவிரல் நேராக இருந்தது.

இடது காலைப் பார்த்தாள். அதுவும் நேர். மறுபடி வலது. விரலைத் தன் விரலால் நீவினாள். கோணல் நிமிர்கிற வயசா அதற்கு?

"ஏனுங்கய்யா, இதுக்கு வெரலு கோணலா இருக்குமுங்களே."

சுப்பண்ணன் கோழியைப் பார்த்தார். அப்புறம் சமையல்கட்டு வாசலில் கரண்டியோடு வந்து நின்ற மயிலாத்தாளைப் பார்த்தார்.

"அது மாசியிலயே போயிருச்சுங்க கண்ணு."

"போயிருச்சுன்னா?"

"செத்துப்போச்சுங்க. நீங்க வெசனப்படாதீங்க. அன்னைக்கே நம்ம ஷெட்டுல நல்ல கோழியாப் பார்த்து எடுத்து, அந்த வளையத்தையே கழட்டி மாட்டி வெச்சுட்டனுங்க. ஷார்ட்டேஜ் இல்லீங்க."

மெஹ்ஜபினின் கையிலிருந்த கோழி சிறகடித்தது. அதைக் கூண்டுக்குள் விட்டுக் கதவைச் சாத்த மூன்று தடவை முயல வேண்டியிருந்தது. பக்கத்து ஷெட்டில் சுப்பண்ணனின் நாலாயிரமும் கத்திக்கொண்டிருந்தன. அதே வெள்ளை, அதே வயசு.

"இது ஒண்ணுதானுங்களா?"

"இல்லீங்க. அப்பறமும் போச்சுங்க. எண்ணலீங்க. எண்ணுனா மனசு சங்கடப்படும்னு அப்பப்பத் தென்னைக்குக் குழி வெட்டிப் போட்டுட்டனுங்க."

"போன் பண்ணச் சொன்னனல்லங்கய்யா. முதல் நாளே சொன்னனே."

"எப்படிங்க கண்ணு பண்றது?" என்றார் அவர், அவளுக்கு எடுத்துச் சொல்கிறவர் போல. "நம்ம மேல நம்பிக்கை வெச்சு ஒப்படைச்சுட்டுப் போயிருக்கீங்க. மூணாவது வாரத்துலயே, உங்க பொருள் போச்சுங்கன்னு எந்த மூஞ்சியில சொல்றது?"

அவள் தீனி மூட்டை மேல் உட்கார்ந்துவிட்டாள். குளிர்பெட்டியைக் காலால் தள்ளினாள். எழுநூறு கோழியின் இறக்கையில் ஊசி குத்தியது, ஆய்வகத்தில் உட்கார்ந்து கண் வீங்கியது, பதினான்கு சனிக்கிழமை, அத்தனை நுங்கு, எல்லாம் தென்னை மரத்துக்கு உரமாகப் போய்விட்டது. அடக்கிப் பார்த்தாள், முடியவில்லை.

"செத்தது எத்தனை, எதுன்னு பார்க்கறதுக்குத்தான் நான் வாராவாரம் வந்தேன். அது மட்டும்தானுங்க எனக்கு வேணும். நீங்க என்னோட மூணு வருசத்தக் குழி தோண்டிப் பொதைச்சுட்டீங்க" என்றாள்.

சுப்பண்ணனின் முகத்தில் இருந்த பெருமை அப்படியே நின்று, போக இடம் தெரியாமல் விழித்தது. மயிலாத்தாள்தான் பேசினார். "செத்தா நல்லதுன்னு ஒருத்தர் காத்திருப்பாங்கன்னு எங்களுக்கு எப்படிங்க கண்ணு தெரியும்? ஒவ்வொண்ணு போறப்பவும் இந்த மனுசன் சோறு திங்கலீங்க."

மெஹ்ஜபின் தலையைக் குனிந்துகொண்டாள். சுப்பண்ணன் மெல்ல, தனக்கே சொல்லிக்கொள்கிற மாதிரி சொன்னார்: "எண்ணிக்கைக்கு வெச்சது வாஸ்தவந்தானுங்க. ஆனா நம்பரு மாத்தலீங்க. எது போச்சோ அதோட வளையத்தத்தான் மாட்டுனேன். லாட் நம்பர் மாத்துனா அது திருட்டுங்க."

மெஹ்ஜபின் தலையைத் தூக்கினாள்.

"அதே நம்பரா? நீலத்துக்கு நீலம், மஞ்சளுக்கு மஞ்சள்?"

"பின்ன?" என்றார் அவர், கோபமாகவே.

அவள் எழுந்தாள். எழுந்த வேகத்தில் மேஜை விரிப்பு இழுபட்டுக் கல் உருண்டது. நம்பர் மாறவில்லை என்றால், வந்து சேர்ந்த கோழி எது என்று தெரிந்தால் போதும், செத்தது எது என்று அதன் காலிலேயே எழுதியிருக்கிறது. வந்த கோழியை எப்படிக் கண்டுபிடிப்பது? பக்கத்து ஷெட்டுக்கு ஓடி ஒரு கோழியைப் பிடித்துவந்து, தன் கோழி ஒன்றோடு சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். கால், கொண்டை, இறகு எல்லாம் ஒன்று. அப்புறம் மூக்கைப் பார்த்தாள்.

ஒன்றையொன்று கொத்தாமல் இருக்கக் குஞ்சிலேயே மூக்கு வெட்டுவார்கள். அவளுடைய கோழிகளுக்கு அதைப் பொரிப்பகத்தில் மெஷினில் செய்திருந்தார்கள், நுனி வழவழவென்று உருண்டிருந்தது. சுப்பண்ணனின் கோழிகளுக்குப் பண்ணையிலேயே சூட்டுக் கத்தியால் வெட்டியது. மேல் மூக்கு மொட்டையாக, கீழ் மூக்கு அரை அங்குலம் நீட்டிக்கொண்டு நின்றது. பதினான்கு வாரம் கால் வளையத்தையே பார்த்தாளே தவிர, ஒரு தடவையாவது மூஞ்சியைப் பார்த்தாளா? தன் தலையிலேயே ஒரு குட்டு வைத்துக்கொண்டாள்.

மஞ்சளிலிருந்து தொடங்கினாள். அவள் மூக்கைப் பார்த்துச் சொல்ல, மயிலாத்தாள் கூண்டைத் திறந்து திறந்து மூடினார். சுப்பண்ணன் பின்னால் நோட்டோடு வந்தார். உருண்டை, உருண்டை, உருண்டை. மஞ்சள் பதினெட்டு மொட்டை. மஞ்சளும் இப்படிச் செத்திருந்தால் எல்லாம் வீண். உருண்டை, உருண்டை. மஞ்சள் ஐம்பத்திரண்டு மொட்டை. அறுபதோடு வரிசை முடிந்தது. மஞ்சளில் இரண்டு.

நீல வரிசைக்குத் திரும்பினாள். நீலம் ஒன்று உருண்டை. நாலு மொட்டை. ஏழு மொட்டை. ஒன்பது மொட்டை. "எழுதுங்கய்யா, எழுதுங்க" என்று அவள் நடையை எட்டிப் போட்டாள், மயிலாத்தாளால் கூண்டுக் கதவோடு ஈடுகொடுக்க முடியவில்லை. இருபத்திமூன்று தெரிந்ததுதான். முப்பது மொட்டை. முப்பத்தொன்று மொட்டை. அறுபதைத் தொட்டபோது நோட்டில் பதிமூன்று.

இரண்டு, பதிமூன்று. அவள் சிரித்துவிட்டாள். வாயைப் பொத்தியும் நிற்கவில்லை. திரும்பிப் பார்த்தால் புருஷனும் பெண்டாட்டியும் தன்னையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். பதினைந்து சாவை எண்ணி முடித்துவிட்டுச் சிரிக்கிற பெண்ணை வேறெப்படிப் பார்ப்பார்கள்? வெட்கமாகப் போய்விட்டது. ஆனாலும் சந்தோஷம் சந்தோஷம்தான்.

செல்போனுக்கு டவர் கிடைப்பது தண்ணீர்த் தொட்டிப் பக்கம்தான். அங்கே நின்று அருள்செல்வன் சாரைக் கூப்பிட்டு, மூச்சு வாங்க எல்லாவற்றையும் சொன்னாள். அவர் முதலில் நம்பவில்லை. அப்புறம் அவருக்கும் குரல் ஏறியது. அப்புறம் யோசித்தார்.

"இங்க பாரும்மா. பதினாலு வாரத்துல பதினஞ்சு. மார்ச்ல ரெண்டு மூணு, ஏப்ரல்ல கொஞ்சம், கத்திரியில மிச்சம்னு தேதி போட்டுக்க. நாம வாராவாரம் குறிச்ச மாதிரி டேபிள் போட்டுடு. இது பொய் இல்லையே, செத்தது செத்ததுதானே. அந்தப் பண்ணைக்காரர் பண்ணின கூத்தையெல்லாம் தீசிஸ்ல எழுதினா, எக்ஸாமினர் மொத்தத்தையும் தூக்கி ஓரமா வெச்சிடுவார். உனக்கு இன்னொரு கோடை கிடையாது. ஞாபகம் வெச்சுக்க."

"சரிங்க சார்" என்று வாய் தானாகச் சொன்னது.

தொட்டிச் சுவரிலேயே நோட்டை வைத்து எழுதத் தொடங்கினாள். நீலம் 23, மார்ச் ஏழு. நீலம் 4, மார்ச் இருபத்தொன்று. மஞ்சள் 18க்கு ஏப்ரல் பதினொன்று பொருத்தமாக இருந்தது. எவ்வளவு சுலபமாக வருகிறது. சார் சொன்னது உண்மைதானே, கோழிகள் செத்ததும் உண்மை, நீலம் அதிகம் என்பதும் உண்மை. தேதி ஒன்றுதானே கற்பனை. அந்தத் தேதியன்று தான் இங்கே வந்து நின்று மோர் குடித்தோம் என்பது நினைவுக்கு வந்தது. பேனாவை உதறிவிட்டு நாலாவது தேதியையும் எழுதினாள்.

"கண்ணு."

சுப்பண்ணன் படிவத்தோடு நின்றார். அவள் எழுதவேண்டிய இடத்தில் அவரே எழுதியிருந்தார், ஒவ்வொரு எழுத்தையும் அழுத்தி அழுத்தி. திருப்பி ஒப்படைத்தது: 105. குறைவு: 15. பக்கத்தில், 'சொல்லாமல் மறைத்து வேறு கோழி வைத்தது நான்' என்று ஒரு வரி. அடியில் முழுப் பெயர், தோட்டத்துப் பெயர், இன்றைய தேதி.

"இதையே உங்க புஸ்தகத்துல போட்டுக்கங்க. என்ற பேரப் போட்டே எழுதுங்க. கம்பெனியில கேட்டா, தப்பு அந்தப் புள்ளையோடதில்ல, சுப்பண்ணனோடதுன்னு தெரியோணும்ல" என்றார். கொஞ்சம் நிறுத்தி, "இருவது வருசத்துல இந்தக் கட்டத்துல எழுதறது இதுதானுங்க முதல் தடவை" என்றார். சிரிக்கப் பார்த்தார், வரவில்லை.

மெஹ்ஜபின் நோட்டை மூடினாள். மூடிய நோட்டுக்குள் நாலு தேதி இருந்தது, அவர் படிவத்தில் ஒரே ஒரு தேதி. படிவத்தை வாங்கக் கை நீட்டினாள். பாதியிலேயே இழுத்துக்கொண்டாள். "வெச்சிருங்கய்யா, வர்றேன்" என்று மட்டும் சொன்னாள்.

அவர் போனார். அவள் தொட்டியைச் சுற்றி நடந்தாள். நடந்ததை நடந்தபடி எழுதினால் மூன்று வருஷம் ஓரத்துக்குப் போகலாம். எழுதாவிட்டால் போகாது. இரண்டு பக்கமும் தெளிவாகவே தெரிந்தது, அதுதான் கஷ்டம். வெயில் உச்சிக்கு ஏறியிருந்தது. ஷெட்டில் கோழிகள் வாயைப் பிளந்து இளைக்கிற சத்தம் தொட்டிவரை கேட்டது. அம்மா கேட்ட துஆவில் எந்த 'நல்லபடி' இருந்தது என்று யோசித்தாள். மறுபடி நடந்தாள்.

சுப்பண்ணன் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு வேகமாக வந்தார். ஓடவில்லை, ஆனால் மூச்சிரைத்தது. அவள் முன்னால் வந்து கையைக் கட்டி நின்றார்.

"பன்னெண்டு அம்பதுங்க. நீலம் நாப்பத்தொண்ணு. உங்க கோழிதானுங்க, மூக்கு உருண்டை. செத்துப்போச்சுங்க."

பதினான்கு வாரமாக இந்த வாக்கியத்துக்குத்தான் காத்திருந்தாள். இப்போது வந்தும் சிரிப்பு வரவில்லை. ஷெட்டுக்கு ஓடினாள். நீலம் நாற்பத்தொன்று கூண்டில் ஒருக்களித்துக் கிடந்தது. கொண்டை காகிதமாக வெளுத்திருந்தது. உடம்பு இன்னும் சூடு. மேஜையில் வைத்து வயிற்றைத் திறந்தாள். கொழுப்புப் படலம், அதற்குக் கீழே கறுத்துக் கட்டிய ரத்தம், அதற்குக் கீழே கிழிந்துபோன மஞ்சள் ஈரல். எல்லாவற்றுக்கும் பின்னால், நாளைக்கு வைக்க வேண்டிய முட்டை, ஓடு பிடித்தும் பிடிக்காமலும்.

சுப்பண்ணன் குனிந்து ரொம்ப நேரம் பார்த்தார். குழி வெட்டிப் போட்ட பதினைந்தில் ஒன்றைக்கூட அவர் திறந்து பார்த்ததில்லை. "சரக்கு தேங்கி நின்னுருச்சுங்களே" என்றார்.

"ஆமாங்கய்யா." அவள் ஈரலைத் துண்டு போட்டுக் குளிர்பெட்டியில் வைத்தாள். கண்ணைத் துடைக்கக் கை சுத்தமாக இல்லை, தோளில் துடைத்துக்கொண்டாள். "முட்டையோட போயிருச்சே, பாவம்" என்றாள். சொன்ன பிறகுதான், இத்தனை மாதத்தில் ஒரு கோழிக்காக அந்தச் சொல்லைத் தான் சொல்வது இதுவே முதல் தடவை என்று தெரிந்தது.

கையைக் கழுவிவிட்டு நோட்டைத் திறந்தாள். அந்த நாலு தேதியின் மேலும் குறுக்கே கோடு போட்டாள், அடியில் இருந்தது தெரிகிற மாதிரியே போட்டாள். பதினைந்து நம்பரையும் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றின் எதிரேயும் 'இறந்த தேதி தெரியாது' என்று எழுதினாள். பதினைந்து தடவை எழுத நேரம் பிடித்தது. கடைசியில் பதினாறாவதாக, நீலம் 41, மே 30, பகல் 12.50, தகவல் சொன்னவர் சுப்பண்ணன் என்று எழுதினாள். அந்தப் பக்கத்தையும் படிவத்தையும் படம் எடுத்து, யோசிக்க விட்டால் மனசு மாறிவிடும் என்று, தொட்டிப் பக்கம் ஓடிப்போய்ச் சாருக்கு அனுப்பினாள். பதில் வரும்வரை அங்கே நிற்கவில்லை.

திரும்பி வந்தபோது சுப்பண்ணன் மேஜையில் குனிந்து படிவத்தைத் திருத்திக்கொண்டிருந்தார். 105 என்பதை அடித்து 104. பதினைந்தை அடித்துப் பதினாறு. அடித்தல் இருக்கும் ஒவ்வோர் இடத்திலும் பக்கத்தில் கையெழுத்து.

"செத்தாச் சொல்லோணும்னு சொன்னீங்கல்ல கண்ணு" என்றார், நிமிராமலே. "சொல்லிட்டனுங்க."